சொல்வகை மாற்றம் (ஆங்கிலம்)

ஆங்கிலச் சொல் ஒன்று முன்னொட்டோ பின்னொட்டோ ஏற்காமல், உருவம் திரியாமல், வேறொரு சொல்வகையாக வழங்குவது சொல்வகை மாற்றம் எனப்படும். 'வாட்டர்' என்பது நீரைக் குறித்தால் பெயர்ச்சொல். செடிக்கு நீர் ஊற்றுவதைக் குறித்தால் வினைச்சொல். தனியே நிற்கும்போது அதன் வகை தெரியாது. வாக்கியத்தில் அது நிற்கும் இடமும் அக்கம்பக்கச் சொற்களுமே வகையைக் காட்டும்.

இதற்கு 'ரவுண்ட்' நல்ல சான்று. பழைய பிரெஞ்சிலிருந்து பெயரடையாக வந்த சொல் இது. வட்ட மேசையைச் சொல்லும்போது இன்றும் பெயரடைதான். குத்துச்சண்டையின் ஒரு சுற்றைக் குறிக்கும்போது பெயர். கார் தெருமுனையை வளைந்து கடக்கும்போது வினை. கழுத்தைச் சுற்றிப் போட்ட துண்டைச் சொல்லும்போது முன்னிடைச்சொல். சக்கரம் சுற்றிச்சுற்றி ஓடுகிறது என்னும்போது வினையடை. ஐந்து வேலைக்கும் வடிவம் ஒன்றே.

வரலாறு

ஆங்கிலம் தொடக்கத்திலேயே இப்படி இருந்ததில்லை. ஏறத்தாழ 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் தனித்தனி விகுதிகள் இருந்தன. அன்பு 'லுவு', அன்பு செய்தல் 'லுவியன்'. விடை 'அண்ட்ஸ்வரு', விடையளித்தல் 'அண்ட்ஸ்வரியன்'. கேட்ட மாத்திரத்தில் எது பெயர், எது வினை என்று புரிந்துவிடும்.

இந்த விகுதிகள் தேய்ந்ததே மாற்றத்தின் ஊற்றுக்கண். ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் அழுத்தம் பெரும்பாலும் வேரின் முதலசையில் விழுவதால், கடைசி அசையின் உயிரொலிகள் மங்கின. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியில் வேர்கள் ஆங்கிலத்தை ஒத்தும் விகுதிகள் வேறாகவும் இருந்தன. கலந்து வாழ்ந்தவர்களுக்கு விகுதி பாரமாயிற்று. 1066இல் நார்மானியர் வென்றபின் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சுக்குப் போயின. பழைய எழுத்து மரபின் பிடி தளர்ந்ததால், பேச்சில் நிகழ்ந்த தேய்வு தடையின்றி ஏட்டிலும் ஏறியது. 'அன்' என்னும் வினை விகுதி 'என்' ஆகி, பின் வெறும் உயிராகி, 15ஆம் நூற்றாண்டளவில் அறவே மறைந்தது. 'லுவு', 'லுவியன்' இரண்டும் 'லவ்' என்ற ஒரே வடிவில் வந்து நின்றன.

நுணுகிப் பார்த்தால் 'லவ்' மாறிய சொல் அன்று; இரு சொற்கள் தேய்ந்து ஒன்றானது. ஆனால் அத்தகைய இணைகள் பெருகியதும், பெயரை அப்படியே வினையாக்கலாம் என்ற வழக்கம் வேரூன்றியது. சமையற்காரரைக் குறித்த பழைய பெயரான 'குக்', சமைத்தல் என்னும் வினையானது இடைக்கால ஆங்கிலத்தில்தான்.

இந்த வழக்கத்தை ஷேக்ஸ்பியரின் துணிச்சலாகப் புகழ்வோர் பலர். 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் 'அங்கிள்' என்ற உறவுப்பெயரையே அவர் வினையாக்கினார். எட்வின் அபட் 1869இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் இலக்கணமும், அக்கால ஆங்கிலத்தில் ஏறக்குறைய எச்சொல்லும் எவ்வகையாகவும் வரும் என்றது. எனினும் கதவை மொழி முன்பே திறந்துவிட்டது; ஷேக்ஸ்பியர் அதன் வழியே பிறரைவிடத் தாராளமாக நடந்தார், அவ்வளவே.

எதிர்ப்பும் பழையது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1789இல் அகராதியாளர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'புராகிரஸ்' ஆகியவற்றை வினையாக வழங்குவதைக் கண்டித்தார். இன்று மூன்றும் நாளேட்டிலும் அரசு அறிக்கையிலும் வினைகளாகவே உலவுகின்றன.

பெயரீடு

இலக்கணி ஹென்றி ஸ்வீட் 1890களில் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் இதற்குக் 'கன்வர்ஷன்' என்ற பெயரை ஆண்டார். ஹான்ஸ் மார்ச்சந்த் 1960இல் வெளியான நூலில், ஒலியற்ற சுழி ஒட்டு ஒன்று சேர்வதாகக் கொண்டார். அகராதிச் சொல்லுக்கு நிலைத்த வகையே இல்லை என்பாரும் உண்டு. காதில் விழாத ஒட்டைக் கற்பிக்கத் தேவையில்லாததால் ஸ்வீட் ஆண்ட பெயரே பொருத்தமானது.

வகைகள்

பெயர் வினையாவதே மிகுதி. 'ஹேமர்' என்ற கருவிப்பெயர் அதனால் அடிப்பதையும், 'பாட்டில்' என்ற கலப்பெயர் அதில் அடைப்பதையும் குறிக்கும். 'டஸ்ட்' வியப்பானது: அலமாரிக்குச் சொன்னால் தூசியைத் துடைப்பது, கேக்குக்குச் சொன்னால் சர்க்கரைப் பொடியைத் தூவுவது. பெயரடை வினையாவதற்கு 'டிரை', 'எம்ப்டி' சான்றுகள். வினை பெயராவதற்கு 'வாக்' சான்று.

'ரெகார்ட்', 'பெர்மிட்' போன்றவற்றில் எழுத்து மாறாது, அழுத்தம் மாறும்: பெயரில் முதலசையிலும் வினையில் இரண்டாம் அசையிலும் விழும். தமிழின் முதனிலைத் தொழிற்பெயரான 'அடி'யை 'வாக்'குடனும், முதனிலை திரிந்த தொழிற்பெயரான 'சூடு', 'கேடு' ஆகியவற்றை இந்த இணைகளுடனும் ஓரளவு ஒப்பிடலாம். தமிழில் இது சில வினையடிகளோடு நிற்கிறது.

ஆங்கிலத்திலும் வரம்பு உண்டு. ஒரு பொருளில் வேறு வினை முன்பே வேரூன்றியிருந்தால் புதியது எளிதில் எழாது. திருடனைக் குறிக்கும் 'தீஃப்' அதே வடிவில் வினையாகாததற்கு, திருடுதலுக்கு 'ஸ்டீல்' இருப்பது ஒரு காரணம் எனலாம். இத்தடையை ஈவ் கிளார்க்கும் ஹெர்பர்ட் கிளார்க்கும் 1979இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தனர்.

இன்றைய நிலை

கணினியும் கைப்பேசியும் இவ்வகை வினைகளைப் பெருக்கியுள்ளன. நிறுவனப் பெயரான 'கூகுள்', தேடுதல் என்னும் வினையாக ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் அகராதிகளில் 2006இல் இடம்பெற்றது.