பாட்டுக்கு உள்ளே, படிக்கு வெளியே

பண்டரிபுரத்து வாரியைப் பற்றி நம்மிடையே சௌகரியமான ஒரு எண்ணம் உண்டு. சாதியையும் செல்வத்தையும் உதறிவிட்டு லட்சக்கணக்கான பேர் விட்டலன் பெயரைப் பாடியபடி நடக்கிறார்கள். பக்தி இயக்கத்தின் கண்கூடான ரூபம் அதுதான், என்பது. அதன் சரித்திரத்தைப் படிக்கையில் இது பாதி உண்மை என்று படுகிறது. மற்ற பாதி நம்மைப் போன்றவர்களையும், கவிதை என்ன செய்யும் என்ற நம் நம்பிக்கையையும் தொடுகிறது.

நடை மிகப் பழையது. ஊர்வலம் அவ்வளவு பழையதல்ல. துகாராமின் மகன் நாராயண் 1685இல் தந்தையின் பாதுகைகளை ஞானேஸ்வரரின் பாதுகைகளோடு சேர்த்துப் பல்லக்கில் எடுத்துச் சென்றார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், குவாலியர் சிந்தியாக்களிடம் பணியாற்றியிருந்த ஹைபத்பாபா, ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கைத் தனியாகக் கிளப்பினார். ஆள் ஏறாத குதிரை, கொடிகள், ரதத்துக்கு முன்னும் பின்னும் எண் இட்ட திண்டிகள் என்று அவர் காலத்தில் அமைந்தது ஒரு படை ஒழுங்கு. சுமார் 250 கிலோமீட்டர் தூரம், மூன்று வாரம், யார் எந்த இடத்தில் நடப்பது என்பது தீர்மானமான விஷயம்.

மானுடவியலாளர் இராவதி கார்வே இந்த வழியில் நடந்து எழுதிய கட்டுரை 1962இல் ஆங்கிலத்தில் வந்தது. ஒரே திண்டியில் பிராமணரும் மராத்தரும் பகல் முழுதும் சேர்ந்து பாடுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் தனித்தனி அடுப்பு. கார்வே வேண்டுமென்றே மராத்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் பிறகே அவர்களுடைய பேச்சில் நெருக்கம் வந்தது என்கிறார். பாட்டால் ஆகாததை ஒரு வேளைச் சோறு செய்திருக்கிறது.

பாடப்பட்டவர்களில் சொக்காமேளாவும் ஒருவர். 14ஆம் நூற்றாண்டு மகார் கவி. தீட்டு என்பதையே கேள்வி கேட்டவர். அவர் மகன் கர்மமேளா இன்னும் கடுமையாகக் கடவுளிடமே கணக்குக் கேட்டவர். 1338இல் மங்கள்வேடாவில் சுவர் இடிந்து சொக்காமேளா இறந்தபோது, எலும்புகளில் விட்டலன் நாமம் ஒலித்ததைக் கேட்டு நாமதேவர் அவற்றை அடையாளம் கண்டார் என்பது ஐதீகம். அந்த எலும்புகளுக்குக் கிடைத்த இடம் கோயில் வாசலுக்கு வெளியே. அவருடைய அபங்கங்களை உள்ளே போகிறவர்கள் பாடினார்கள். அவருடைய ஜனங்கள் உள்ளே போகவில்லை. சானே குருஜி பல மாதங்கள் ஊர் ஊராகப் பேசிவிட்டு, 1947 மே மாதம் பத்து நாள் உண்ணாவிரதம் இருந்த பிறகே கதவு திறந்தது. இடையில் 609 வருஷம்.

1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்காமேளா மூவரின் நினைவுக்கும் சமர்ப்பித்தார். முதல் பெயர் நம்முடையது. தில்லைக்குள் போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தவனின் கதையை கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாக்கினார். அதைச் சபாக்களில் கேட்டு உருகியவர்கள் எத்தனை பேர்! உருகியவர்களில் அநேகர் தம் ஊர்க் கோயில் கதவு யாருக்குச் சாத்தியிருந்தது என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு கவிதை எல்லோருக்கும் பொதுவாகிவிடுவதை அதன் வெற்றி என்றே நாம் எழுதிவருகிறோம். சொக்காமேளா விஷயத்தில் அந்தப் பொதுமைக்குள் புகார் கரைந்துபோயிற்று. யாருக்கு எதிராகச் சொல்லப்பட்டதோ அவர்களே தாளம் போட்டுப் பாடும்போது, குற்றச்சாட்டு பக்தியின் ஒரு பாவமாகிவிடுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த வாய்கள் பாடியிராவிட்டால் அபங்கங்களே நமக்குக் கிடைத்திருக்காது. வாரி அந்தக் கவியைக் காப்பாற்றியது. அவர் சொன்னதைக் கேட்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பக்தி இயக்கத்தின் சமத்துவம் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை என்று நினைக்கிறேன். பாட்டு கதவைத் திறக்கவில்லை. பட்டினி கிடந்த ஒரு உடம்பு அதைத் திறந்தது.