இணைவாழ் விண்மீன்களின் அண்மைப் புறஊதா நிறமாலையியல்

இணைவாழ் விண்மீன்களின் அண்மைப் புறஊதா நிறமாலையியல் என்பது, இணைவாழ் விண்மீன்களின் ஒளியில் ஏறத்தாழ 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களைப் பிரித்து ஆராயும் முறையாகும். இவ்விண்மீன்கள் திடீரெனப் பொலிவுறும்போது அவற்றின் வெப்பமான உறுப்பில் நிகழும் மாற்றங்கள் இப்பகுதியில் தெளிவாக வெளிப்படுகின்றன. வளிமண்டலத்தை ஊடுருவி நிலத்தை எட்டும் புறஊதாக் கதிர்களின் கடைசி விளிம்பும் இதுவே. எனவே சிறு தொலைநோக்கிகளை உடைய தொழில்சாரா வானியலாளர்களும் இத்துறையில் பயனுள்ள தரவுகளைப் பெற முடிகின்றது.

இணைவாழ் விண்மீன்கள்

குளிர்ந்த பெருமீன் ஒன்றும், வெப்பமான சிறு விண்மீன் ஒன்றும் ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன் தொகுதி இணைவாழ் விண்மீன் எனப்படுகின்றது. வெப்பமான உறுப்பு பெரும்பாலும் வெண்குறுமீன் ஆகும். ஒரே நிறமாலையில் குளிர்ந்த விண்மீனுக்குரிய உட்கவர் கோடுகளும், மிகு வெப்பத்தால் அயனாக்கப்பட்ட வளிமத்துக்குரிய உமிழ்வுக் கோடுகளும் சேர்ந்து காணப்பட்டதால், உயிரியலில் இருவேறு உயிரினங்கள் கூடி வாழ்வதைக் குறிக்கும் சொல்லை அமெரிக்க வானியலாளர் பால் மெரில் இவற்றுக்குப் பெயராக இட்டார்.

பெருமீனிலிருந்து வீசும் விண்மீன் காற்றின் ஒரு பகுதியை வெண்குறுமீன் ஈர்த்துக் கொள்கின்றது. அப்பொருள் அதன் மேற்பரப்பில் சேர்ந்து எரிவதால் வெப்பநிலை ஏறத்தாழ 1,00,000 கெல்வின் அல்லது அதற்கும் மேல் உயர்கின்றது. இத்தகைய விண்மீனின் ஒளி பெரும்பாலும் தொலைப் புறஊதாவில் வெளிப்படுவதால் நிலத்திலிருந்து அதனை நேரடியாகக் காண இயலாது. ஆயினும் அவ்வொளி சுற்றியுள்ள வளிமத்தை அயனாக்குகின்றது. அந்த வளிமம் உமிழும் ஒளியைக் கொண்டு வெப்ப உறுப்பின் நிலையை உய்த்தறியலாம்.

அண்மைப் புறஊதாவில் காணப்படுபவை

கட்புலனாகும் ஒளியில், குறிப்பாகச் சிவப்புப் பகுதியில், பெருமீனின் ஒளியே மேலோங்கி நிற்கின்றது. 400 நானோமீட்டருக்குக் கீழே அதன் ஒளி விரைவாகக் குறைந்து, வளிமத்தின் ஒளி தலைதூக்குகின்றது. இப்பகுதியின் முதன்மையான அடையாளங்கள் வருமாறு:

- பால்மர் தாவல்: எலக்ட்ரான்கள் ஐதரசன் அணுவின் இரண்டாம் ஆற்றல் மட்டத்தில் மீளச் சேரும்போது 364.6 நானோமீட்டருக்குக் கீழே தொடர் ஒளி வெளிப்படுகின்றது. இதனால் அவ்வலைநீளத்தை ஒட்டி நிறமாலை திடீரென மேலெழுகின்றது.
- ஈலியக் கோடு: இருமுறை அயனாக்கப்பட்ட ஈலியம் எலக்ட்ரானை மீளப் பெறும்போது 320.3 நானோமீட்டரில் ஒரு கோடு தோன்றுகின்றது. நீலப் பகுதியில் 468.6 நானோமீட்டரில் தோன்றும் கோடும் இவ்வகையினதே.
- போவன் கோடுகள்: ஈலியம் உமிழும் 30.38 நானோமீட்டர் ஒளியின் அலைநீளம், இருமுறை அயனாக்கப்பட்ட ஆக்சிசன் உட்கவரும் அலைநீளத்துடன் ஏறத்தாழ ஒன்றுகின்றது. இவ்வாறு ஆற்றல் பெறும் ஆக்சிசன் 313.3, 344.4 முதலிய அலைநீளங்களில் ஒளிர்கின்றது. முதற்கோடு வளிமண்டல ஓசோனால் பெரிதும் மறைக்கப்படுவதால் இரண்டாவதே எளிதிற் கிடைக்கின்றது.
- நியான் கோடு: நான்குமுறை அயனாக்கப்பட்ட நியானின் 342.6 நானோமீட்டர் கோடு சில இணைவாழ் விண்மீன்களில் காணப்படுகின்றது. இது மிக உயர்ந்த வெப்பநிலையைக் காட்டும்.

எடுத்துக்காட்டு: ஏஜி டிராக்கோனிசு

டிராகோ விண்மீன் குழுவிலுள்ள ஏஜி டிராக்கோனிசு இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட விண்மீன்களுள் ஒன்றாகும். இதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ 550 நாட்கள். அமைதி நிலையில் இதன் தோற்றப் பொலிவெண் 9.8 அளவில் உள்ளது. பொலிவெழுச்சியின்போது கட்புல ஒளியில் இது ஏறத்தாழ ஒன்றரைப் பொலிவெண் அளவு வரை உயர்கின்றது. புறஊதாவைத் தழுவிய யூ வடிகட்டியில் நோக்கினால் இவ்வுயர்வு ஏறத்தாழ மூன்று பொலிவெண் அளவை எட்டுகின்றது. அதாவது, ஒரே நிகழ்வு கட்புல ஒளியில் நான்கு மடங்காகவும், அண்மைப் புறஊதாவில் ஏறத்தாழ பதினாறு மடங்காகவும் தென்படலாம்.

இதன் எழுச்சிகள் இரு வகைப்படும். "குளிர்" எழுச்சியில் வெண்குறுமீனைச் சூழ்ந்த வளிமப் போர்வை விரிவடைந்து அதன் வெப்பநிலை குறைகின்றது. ஈலியக் கோடும் வலுக்குன்றுகின்றது. "சூடான" எழுச்சியில் வெப்பநிலை குறையாமல் நிலைத்திருக்கின்றது அல்லது உயர்கின்றது; ஈலியக் கோடும் வலுப்பெறுகின்றது. 1980, 1994, 2006 ஆகிய ஆண்டுகளின் பெரிய எழுச்சிகள் குளிர் வகையைச் சார்ந்தவை. 2015 முதல் 2018 வரை அடுத்தடுத்து நிகழ்ந்த சிறிய எழுச்சிகள் சூடான வகையின் இயல்புகளைக் காட்டின. பொலிவு வரைபடத்தை மட்டும் கொண்டு இவ்விரு வகைகளையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது. அதற்கு நிறமாலை தேவை.

விண்வெளி நோக்ககங்களும் நிலத்து நோக்கர்களும்

இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி அறிய உதவியது, 1978 சனவரியில் ஏவப்பட்ட ஐயூஈ என்னும் பன்னாட்டுப் புறஊதாச் செயற்கைக்கோள் ஆகும். இது ஏறத்தாழ 115 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைப் பதிவு செய்தது. 1996 செப்டெம்பரில் இதன் பணி முடிவுற்றது. அபிள் விண்வெளித் தொலைநோக்கி புறஊதாவில் நோக்கவல்லது எனினும், பல மாதங்கள் நீடிக்கும் ஓர் எழுச்சியை வாரந்தோறும் பின்தொடர அதன் நேரம் கிடைப்பது அரிது. பெரிய நிலத் தொலைநோக்கிகளின் நிலையும் அவ்வாறே.

இவ்விடைவெளியை நிரப்புவதில் தொழில்சாரா நோக்கர்கள் பங்காற்றுகின்றனர். ஐரோப்பாவிலிருந்து நோக்கும்போது ஏஜி டிராக்கோனிசு அடிவானத்துக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே ஆண்டு முழுவதும் அதனைத் தொடரலாம். ஏஆர்ஏஎசு எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நிறமாலை நோக்கர் குழுவினர் இவ்வாறு பெற்ற நிறமாலைகளைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கின்றனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுச்சியுற்றுப் பின்னர் நூறாண்டுகளுக்கும் மேலாக மெல்ல மங்கிவந்த ஏஜி பெகாசி, 2015 சூனில் மீண்டும் பொலிவுற்றபோது, அதனைப் பற்றிய ஆய்வுக்கு இத்தரவுகளும் பயன்பட்டன.

கருவிகள்

அண்மைப் புறஊதாவுக்கு முதல் தடை கண்ணாடியாகும். ஒளியியல் வில்லைகளுக்குப் பயன்படும் கண்ணாடி வகைகள் பல, 350 முதல் 400 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை உட்கவர்ந்து விடுகின்றன. ஆகையால் வில்லைகளைத் தவிர்த்து அலுமினியப் பூச்சுடைய ஆடிகளைப் பயன்படுத்துவதே ஏற்றது. இக்கொள்கையின்படி பிரான்சைச் சேர்ந்த கிறித்தியான் புயில் வடிவமைத்த யூவெக்சு நிறமாலைமானியில், ஒளியை இணையாக்குவதற்கும் குவிப்பதற்கும் ஆடிகளே அமைந்துள்ளன. இதனை நியூட்டன் வகைத் தொலைநோக்கியுடன் இணைத்தால் ஒளியின் பாதையில் கண்ணாடி மிகவும் குறைகின்றது.

இரண்டாம் தடை வளிமண்டலமாகும். காற்று மூலக்கூறுகளின் ஒளிச்சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், 320 நானோமீட்டரில் அது 550 நானோமீட்டரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்காகும். கடல்மட்டத்தில் விண்மீன் உச்சியில் இருக்கும்போதே 320 நானோமீட்டர் ஒளியில் பாதிக்கு மேல் இழக்கப்படுகின்றது. எனவே விண்மீன் வானில் உயர்ந்து நிற்கும் நேரத்திலேயே நோக்குதல் வேண்டும்.

பிழைகளும் அவற்றைத் தவிர்த்தலும்

வளிமண்டலம் ஒரு முப்பட்டகம் போலவும் செயற்படுகின்றது. விண்மீன் தாழ்வாக இருக்கும்போது அதன் புறஊதாப் பிம்பமும் பச்சைப் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. பச்சைப் பிம்பத்தைப் பிளவில் நிறுத்தினால் புறஊதா ஒளி பிளவுக்கு வெளியே விழக்கூடும். பிளவை அடிவானத்துக்குச் செங்குத்தாகத் திருப்பி வைப்பதால் இவ்விழப்பு குறையும்.

கருவியின் உணர்திறனைத் திருத்துவதற்கு, அருகில் ஏறத்தாழ அதே உயரத்தில் உள்ள ஓர் ஒப்பீட்டு விண்மீனும் நோக்கப்படுகின்றது. இதற்கென வழக்கமாகத் தெரிவு செய்யப்படும் ஏ வகை விண்மீன்கள் தாமே வலுவான பால்மர் தாவலைக் கொண்டவை; ஆனால் அவற்றில் நிறமாலை 364.6 நானோமீட்டருக்குக் கீழே தாழ்கின்றது. அதனைச் சரியாகக் கணக்கில் கொள்ளாவிடில், ஆராயப்படும் விண்மீனில் இல்லாத தாவல் தோன்றவும், உள்ள தாவல் மறையவும் கூடும். மேலும், பெருமீனின் வலுவான சிவப்பு ஒளி கருவிக்குள் சிதறிப் புறஊதாப் பகுதியில் விழுந்தால் அதுவும் போலித் தொடர் ஒளியாகத் தோன்றும். இக்காரணங்களால், ஒரே இரவில் பெற்ற தனி நிறமாலையை விட, ஒரே கருவியாலும் ஒரே முறையாலும் பல மாதங்கள் தொடர்ந்து பெற்ற நிறமாலை வரிசையே மிகுந்த நம்பகத்தன்மை உடையது.

இவற்றையும் பார்க்கவும்

- மாறும் விண்மீன்
- வெண்குறுமீன்
- பால்மர் தொடர்
- நிறமாலைமானி