நிறுத்தத் தெரிந்த வண்டி

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே முதன் முதலில் மோட்டார் பஸ் விட்டவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். திருக்குறுங்குடிக்காரர். வக்கீல் தொழில், ரயில்வே உத்தியோகம், பாங்கி வேலை எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு, 1911இல், தமது 34ஆம் வயதில், ஜனங்கள் அதிகம் கண்டிராத ஒரு வியாபாரத்தில் இறங்கினார். புதுக்கோட்டை அப்போது தொண்டைமான்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். ரயில் அங்கே எட்டிப் பார்த்தது 1929இல்தான். அதுவரை மாட்டு வண்டி, ஜட்கா, இல்லாவிட்டால் ஐயங்காரின் பஸ்.

சாலையெங்கும் மாட்டு லாடத்திலிருந்தும் குதிரை லாடத்திலிருந்தும் விழுந்த ஆணிகள் கிடந்தனவாம். காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ஓட்டி அவற்றைப் பொறுக்க ஏற்பாடு செய்தார் என்று சொல்வார்கள். அந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு என்னவோ வேறொன்றுதான் கேட்கத் தோன்றுகிறது: ஆளும் மூட்டையுமாக நிறைந்த அந்த பஸ்ஸை எப்படி நிறுத்தினார்கள்?

புதுக்கோட்டைச் சீமையில் கொண்டை ஊசி வளைவுகளா இருக்கின்றன, பிரேக்கைப் பற்றி அவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். மலை இல்லை, கண்மாய்கள் உண்டு. சாலை கரைமேல் ஏறும், கரையிலிருந்து சரியும், சரிகிற இடத்தில் ஆட்டுமந்தை நிற்கும். மலைச்சாலையில் ஆபத்து வருவது முன்கூட்டித் தெரியும். ஆட்டுக்கு அந்த மரியாதை தெரியாது.

அந்தக் காலத்து மோட்டார்களில் பொதுவாகப் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். டிரைவர் மிதிப்பதை இரும்புத் தண்டுகள் பின்னால் கொண்டு போகும். முன் சக்கரத்தில் பிரேக் போட்டால் வண்டி வழுக்கும், திருப்ப முடியாமல் போகும் என்று பயந்தார்கள். ஆனால் ஓடுகிற வண்டி சட்டென்று வேகம் குறையும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு பிரயாணம் செய்தவர்கள் எல்லாருக்கும் அனுபவத்தில் தெரிந்த சாஸ்திரம் இது. பாரம் முன்னால் போனதும் பின் சக்கரம் தரையை அழுத்துவது குறைகிறது; பிடிமானமும் குறைகிறது. பிடிமானம் குறைந்த சக்கரத்தில் பிரேக்கை வைத்துவிட்டுப் பிடிமானம் கூடிய சக்கரத்தை வெறுமனே விட்டுவைத்தார்கள்! நாலு சக்கரத்துக்கும் பிரேக் என்பது பரவலாக வந்தது 1920களில்.

சுமை ஏறிய நாலு சக்கர வண்டி நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. தேர் இருக்கிறதே! அதை இழுக்க ஊரே வரும். நிறுத்துகிறவர்கள் சக்கரத்தோரம் குனிந்து முட்டுக்கட்டை போடும் சிலர்தான். கட்டையைச் சிறிது முன்னே பின்னே வைத்தே தேரைத் திருப்பவும் செய்வார்கள். அவர்களுடைய சாமர்த்தியம் முழுதும் நேரம் அறிவதில் இருக்கிறது. உயிரும் அதில்தான் இருக்கிறது. 2022 ஜூலை 31 அன்று, புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் ஆடிப்பூரத் தேர் கவிழ்ந்து பலர் காயம் அடைந்ததை அந்த ஊர் மறந்திருக்காது.

மோட்டாருக்கு முட்டுக்கட்டை போட முடியாது. ஓட்டத்தை உஷ்ணமாக மாற்றிக் காற்றில் விட வேண்டும். பிரேக் செய்கிற வேலை அவ்வளவே. சுமை இரட்டித்தால் உஷ்ணம் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897இல் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்தைத் தேய்த்து நிறுத்தப் பழைய பூட்ஸைப் பயன்படுத்தியதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்பார்கள். அவர் முதலில் செய்த துணி லைனிங் சூட்டில் கருகியது. பிறகு கல்நாரைச் சேர்த்தார். கல்நார் கருகவில்லை. ஆனால் அதன் தூசு தொழிலாளிகளின் நுரையீரலில் தங்கிவிட்டது. பிரிட்டன் அதை முழுதும் தடை செய்ய 1999 வரை ஆயிற்று. வண்டி நிற்பதற்கு யாரோ ஒருவர் மூச்சை விலையாகக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த மாறுதல், தண்டுகளுக்குப் பதிலாகத் திரவம். அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் யோசித்து, 1921இல் டூசன்பர்க் காரில் வந்தது. (ஆகாய விமானம் செய்த லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர்தான் இவர்.) மிதித்த அழுத்தம் குழாய் வழியே நாலு சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் போயிற்று. குழாய் ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் ஒரே நேரத்தில் போயிற்று என்பதும் உண்மை. இரண்டு தனிக் குழாய் வழிகள் வைக்கும் வழக்கம் பின்னால் ஏற்பட்டது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை செய்து கொடுத்ததும் இந்தத் திரவ பிரேக்குதான்.

யுத்த காலத்து ஜீப் வந்தபோது ஒரு வேடிக்கையான நம்பிக்கையும் கூடவே வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, எங்கேயும் ஏறும். ஆகையால் எதையும் ஏற்றலாம், எங்கேயும் நிற்கும்! ஏறுவது உண்மை. நிற்பதில் அதற்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. இந்தக் காலத்தில் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்குப் பிரேக் உண்டு; இஞ்சின் எத்தனை சக்கரத்தை இழுக்கிறது என்பது அதற்குச் சம்பந்தமில்லாத விஷயம். அந்த ஜீப்புக்குக் கணக்கிட்ட சுமை கால் டன். டிரம்மின் விட்டம் ஒன்பது அங்குலம். அதில் பத்துப் பேரையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிவிட்டு, "பிரேக் பிடிக்கவில்லை" என்று மெக்கானிக்கைத் திட்டுகிறோம். டிரம் சூடாகி விரிகிறது. லைனிங் பிடிப்பை இழக்கிறது. கால் பலகை வரை போகிறது. சிலர் மிதிப்பதற்கு உதவி செய்யும் சர்வோவை மாட்டிக்கொள்கிறார்கள். பெல்ஜியத்து டெவாண்டர் கண்ட நல்ல சாதனம்தான். ஆனால் அது காலின் சிரமத்தைத்தான் குறைக்கும். உஷ்ணத்தைக் குறைக்காது, டயருக்குப் பிடிமானமும் தராது. பெரிய டிரம், அல்லது காற்றுப் படும்படி வெளியே நிற்கும் டிஸ்க், நல்ல டயர், தாழ்வாகவும் முன்னே பின்னே சமமாகவும் ஏற்றிய பாரம், இறக்கத்துக்கு முன்பே போட்ட தாழ்ந்த கியர்: பலன் இவற்றில்தான் இருக்கிறது. கடைசி இரண்டுக்கும் காசு வேண்டாம். அதனால்தானோ என்னவோ அவற்றை யாரும் செய்வதில்லை.

சுந்தரம் ஐயங்கார் 1955இல் காலமானார். ஏழு வருஷம் கழித்து, 1962இல், அவர் குடும்பத்தார் சென்னைப் பாடியில் பிரேக் செய்யவே இரண்டு கம்பெனிகளை ஏற்படுத்தினார்கள். கர்லிங் பிரேக்கின் கூட்டில் பிரேக்ஸ் இந்தியா. கிளேட்டன் டெவாண்டருடன் சேர்ந்து சுந்தரம் கிளேட்டன். பின்னது லாரிக்கும் பஸ்ஸுக்கும் காற்று பிரேக் செய்தது. காற்று பிரேக் முதலில் ரயிலுக்காக ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் கண்டது; அதை அவரே பிறகு தலைகீழாக்கினார். காற்று வந்தால் பிரேக் பிடிப்பது என்பதை மாற்றி, குழாயில் காற்று போனால் பிரேக் பிடிக்கும்படி செய்தார். இன்றைய கனரக லாரியிலும் நிறுத்தி வைக்கும் பிரேக்கில் ஒரு பலத்த ஸ்பிரிங் இருக்கிறது. காற்றழுத்தம் அதை அமுக்கி வைத்திருக்கும் வரையில்தான் சக்கரம் சுழலும். காலையில் புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் டிரைவர் இஞ்சினை ஓடவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், பிரயாணிகள் பொறுமை இழக்க வேண்டாம். தொட்டியில் காற்று நிறைகிறது. நிறைந்தால்தான் ஸ்பிரிங் விடும்.