பல் புழுவும் மயக்க மருந்தும்

கண்டங்கத்திரி விதையைத் தணலிலிட்டு, அதன் புகையைக் குழந்தையின் வாயில் பிடித்து, "இதோ, பல்லை அரித்த புழு!" என்று காட்டும் வித்தையை நம் நாட்டார் நெடுங்காலம் நம்பினர். பிரெஞ்சு நாட்டுப் பியர் ஃபோஷார் உருப்பெருக்கியால் தேடியும் அப்படியொரு புழுவைக் கண்டாரில்லை; 1728இல் நூலெழுதி அறிவித்தார். புழு போயிற்று, நம்பிக்கை போகவில்லை. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்றும், பால் பல்தானே, வலித்தாலென்ன, தானே விழும் என்றும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இன்றும் கேட்கிறோம்.

வலியைக் கொல்லும் வழியைத் தேடியவர் பட்டபாடு என்ன? நைட்ரஸ் ஆக்சைடு அறுவைக்குப் பயன்படக்கூடுமென்று ஹம்ப்ரி டேவி 1800இலேயே எழுதினார். உலகம் அதைச் சிரிப்பூட்டும் வாயுவென்று மேடையேற்றிக் கூத்தாடிற்று; 44 ஆண்டுகள் வீணாயின! அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் அக்கூத்தைக் காணச் சென்ற பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், வாயுவை முகர்ந்த ஒருவன் காலில் அடிபட்டும் வலியறியாது நிற்பதைக் கண்டார். மறுநாளே, 1844 டிசம்பர் 11இல், வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்தார். அடுத்த மாதம் பாஸ்டனில் செய்துகாட்டியபோது நோயாளி முனகினான். அவ்வளவுதான், "ஏமாற்று!" என்று எள்ளி நகையாடினர் கற்றறிந்தோர். 1848 ஜனவரியில், 33 வயதில், சிறையில் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார் வெல்ஸ்.

அதே மாதம் இங்கிலாந்தில், கால் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் தரப்பட்ட 15 வயதுப் பெண் மாண்டாள். மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடலாகாது அன்றோ!

1847இலேயே ஈதர் கல்கத்தாவை எட்டிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தோன்றியதோ 1953இல்! இன்று பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடியிலேயே பல் மருத்துவக் கல்லூரி நிற்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு மரத்துப்போகும் ஊசியே போதும். பல பற்கள் ஒருங்கே சொத்தையான மிகச்சிறு குழந்தைக்கும், அசையாது அமர இயலாத மனவளர்ச்சி குன்றிய குழந்தைக்குமே முழு மயக்கம் தேவைப்படும். அவர்களைக் கை காலைப் பிடித்து அமுக்கிப் பிடுங்குவதை வீரமென்போரை நாம் மதிக்கமாட்டோம்.

பிரிட்டனில் 2001ஆம் ஆண்டு முடிவோடு பல் மருத்துவரின் தனியறையில் முழு மயக்கம் தருவது நிறுத்தப்பட்டது; உயிர்காக்கும் வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே தரலாம். நம் பெற்றோரும் கேட்கட்டும்: மயக்கம் தருபவர் அதற்கெனப் பயின்ற தனி மருத்துவரா? மூச்சு நின்றால் மீட்கக் கருவி உண்டா? முந்திய 6 மணி நேரம் குழந்தை எதுவும் உண்ணவில்லையென்று உறுதி செய்தார்களா?