புலிவார்டில் புலி இல்லை

திருச்சிராப்பள்ளியில் மேலப்புலிவார்டு சாலை, கீழப்புலிவார்டு சாலை என இரு சாலைகள் உண்டு. சிறுவயதில் அப்பெயர்களைக் கேட்டபோது, கோட்டைக்கு வெளியே ஒருகாலத்தில் புலி உலவியிருக்கும் என்றே எண்ணிக்கொண்டேன். புலி ஏதுமில்லை. 'பூல்வார்' என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயர் வழியாக வந்து நம்மவர் நாவில் புலியாயிற்று. அதன் வேர்ச்சொல் கோட்டைக் கொத்தளத்தைக் குறிப்பது. 1670-இல் பதினான்காம் லூயி மன்னன் பாரிஸ் நகர மதில்களை இடித்து, அவ்விடத்தில் மரநிழல் சாலைகளை அமைக்கச் செய்தான். மதில் போயிற்று, அதன் பெயர் சாலைக்கு நின்றது.

நம் ஊரிலும் அதுவே நிகழ்ந்தது. மலைக்கோட்டையைச் சுற்றி ஏறத்தாழ ஒரு மைல் நீளமும் அரை மைல் அகலமுமாக மதிலும் அகழியும் இருந்தன. 1750-களில் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டபோது நகரைக் காத்தவை அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பகைவர் அச்சம் நீங்கியதும் மதில் தரைமட்டமாயிற்று, அகழி தூர்ந்தது, அத்தடத்தில் சாலைகள் எழுந்தன. தூய வளனார் கல்லூரிக்கும் லூர்து அன்னை ஆலயத்துக்கும் அருகே நிற்கும் மெயின் கார்டு கேட் என்னும் மேற்கு வாயில் மட்டும் எஞ்சியது.

காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில் கதை வேறு. அங்கே ஏழு மதில்களும் நிற்கின்றன. வீடுகளும் கடைகளும் அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன. கோபுர வாயிலின் அகலமே வண்டிகளுக்கு அளவுகோல்.

மதில் நின்ற மேலப்புலிவார்டு சாலையில், சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ், அண்மை ஆண்டுகளில் மாநகராட்சி பன்னடுக்கு வாகன நிறுத்தகம் ஒன்றைக் கட்டியது. தேவை மெய்யானதே. சின்னக்கடைத் தெருவும் பெரியகடைத் தெருவும் மாட்டு வண்டிக்கும் கால்நடைக்கும் உரியவை. கார்களைத் தாங்கப் பிறந்தவை அல்ல.

ஆயினும் இத்தகைய கட்டடங்களுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர மேயர் ரிச்சர்ட் லீ, வண்டிகளுக்கு வழிவிட்டால் கடைத்தெரு பிழைக்கும் என்று நம்பினார். குடியேறிய இத்தாலியரும் யூதரும் கறுப்பின மக்களும் வாழ்ந்த ஓக் தெரு வட்டாரம் விரைவுச்சாலைக்காக இடிக்கப்பட்டது. பால் ருடால்ஃப் வரைந்த கான்கிரீட் நிறுத்தகம் 1963-இல் எழுந்தது. அழகிய வளைவுகள் கொண்ட கட்டடம்தான். ஆனால் அதை ஒட்டி வந்த இரு பெரும் அங்காடிகளும் 1993-க்குள் மூடப்பட்டன. வெளியேற்றப்பட்ட குடும்பங்களோ திரும்பவில்லை. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் 1967-இல் திறக்கப்பட்ட பெரும் நிறுத்தகம் 2010-இல் இடித்துத் தள்ளப்பட்டது. அதன் உச்சியில் திட்டமிட்ட உணவகம் கடைசிவரை திறக்கப்படவே இல்லை.

நம் கடைத்தெருவுக்கு அந்தக் கதி இல்லை. கூட்டத்துக்கு என்றும் குறைவில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மாடியில் இடமிருந்தாலும் தெருவோரத்தில் வண்டியை நிறுத்துவதே நமக்கு எளிது. மேலே நூறு கார்கள் ஏறினாலும், கீழே அவை விட்டுச்சென்ற இடத்தை இருசக்கர வண்டிகள் பிடித்துக்கொண்டால் நடப்பவருக்குக் கிடைத்தது என்ன?

தீபாவளிக்கு முந்தைய வாரமொன்றில் மெயின் கார்டு கேட் அருகே நின்றிருந்தேன். ஒரு தாய், இடுப்பில் குழந்தையும் கையில் துணிப்பையுமாக, வரிசையாய் நின்ற வண்டிகளுக்கும் ஓடும் பேருந்துக்கும் இடையே ஒரு முழ அகலத்தில் நடந்து வந்தார். பழைய வாயிலின் நிழலை அடைந்ததும் நின்று, பையைத் தரையில் வைத்து, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.