வெந்நீர்ப் பை என்று பெயர் வாங்கிய வண்டி

ஒரே மோட்டார் சைக்கிளுக்கு மூன்று தேசத்தில் மூன்று பட்டப்பெயர். இங்கிலாந்துக்காரர்கள் அதை 'கெட்டில்' என்றார்கள். அமெரிக்காவில் 'நீர் எருமை'. பிரான்சில் 'புய்யோத்', அதாவது குளிர்காலத்தில் போர்வைக்குள் காலடியில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்ப் பை. லிசேயில் எங்கள் முசே இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தபோது வகுப்பே சிரித்தது. பாண்டிச்சேரி வெயிலில் யாருக்கு வேண்டும் வெந்நீர்ப் பை?

வண்டியின் உண்மையான பெயர் சுசூகி ஜி.டி.750. ஜப்பானில் 1971-ல் விற்பனைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 738 சி.சி., டூ ஸ்ட்ரோக். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் என்றால் என்ஜினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கும். நம் புல்லட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓடும்போது காற்று அந்தத் தகடுகளில் பட்டுச் சூட்டைக் கொண்டுபோகும். இந்த வண்டியில் அந்தத் தகடுகள் கிடையாது. முன்னால் காருக்கு இருப்பதுபோல ஒரு ரேடியேட்டர், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர், அதைத் தள்ள ஒரு பம்ப், கைப்பிடிக்கு நடுவில் சூடு காட்டும் முள்.

காரணம் எளிமையானது. மூன்று சிலிண்டரைக் குறுக்கே வரிசையாக வைத்தால் இரண்டு ஓரங்களுக்கும் காற்று கிடைக்கும், நடுவில் இருப்பதற்குக் கிடைக்காது. பேருந்தில் மூன்று பேர் சீட்டில் நடுவில் உட்கார்ந்தவர் கதைதான். அதிலும் டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை வெடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் போல ஒன்று விட்டு ஒன்று அல்ல. சூடு அதிகம். நடு பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கொண்டால், மெக்கானிக்குகள் பாஷையில் 'சீஸ்' ஆகிவிடும். ஓடுகிற ஓட்டத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் கதியை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் தண்ணீர் யோசனை ஜப்பானில் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற நெசவாலை ஊரில் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் என்று ஒருவர் இருந்தார். அவர் 1908-லேயே இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வண்டி செய்து, சிலிண்டர் தலைகளைத் தண்ணீரால் குளிரவைத்தார். மற்றவர்கள் ஓடித் தள்ளி வண்டியைக் கிளப்பிய காலத்தில், காலால் உதைத்துக் கிளப்பும் ஏற்பாட்டையும் வைத்தார். அதே வருஷம் மலையேறும் பந்தயத்தில் அவருடைய வண்டி ஜெயித்ததும் மற்ற கம்பெனிகள் கூச்சல் போட்டன. பந்தயச் சங்கம் அவர் என்ஜினின் கொள்ளளவை 1.32-ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும் என்று விதித்தது. நாற்பது வருஷத்துக்கு நெருக்கமாகக் கோப்பு புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், முன்னால் போகிறவனைப் பிடித்து நிறுத்த இப்படி ஒரு தசம எண்ணைக் கண்டுபிடிக்க எந்த ஆபீசிலும் ஒரு ஆள் இருப்பார். ஸ்காட் அதையே தமக்கு விளம்பரம் ஆக்கிக்கொண்டார். 1912, 1913 இரண்டு வருஷமும் ஐல் ஆஃப் மேன் தீவின் பெரிய பந்தயத்தில் ஸ்காட் வண்டிகளே வென்றன.

அவர் வண்டியில் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறியது கனமாகிக் கீழே இறங்கும். சுழற்சி தானாக நடக்கும். இதற்குத் தெர்மோசைஃபன் என்று பெயர். கெட்டுப்போக ஒன்றுமில்லை என்பார்கள். ஆனாலும் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் மட்டம் மேல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சங்கிலி அறுந்த மாதிரி சுழற்சி நின்றுபோகும். உள்ளே தண்ணீர் இருக்கும், ஆனால் நகராது. இன்னொரு எதிரி சுண்ணாம்பு. உப்புத் தண்ணீர் ஊற்றினால், நம் வீட்டு வெந்நீர்த் தவலையில் படிவதுபோல உள்ளே வெள்ளையாகப் படிந்து வழியை அடைக்கும்.

தண்ணீரையும் சூட்டையும் இவ்வளவு தெரிந்தவர், 1923-ல் பாதாளக் குகைக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, நனைந்த துணியோடு குளிரில் வீடு திரும்பி, நிமோனியா வந்து இறந்துபோனார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பர்மிங்ஹாமில் வெலோசெட் கம்பெனி எல்.இ. என்ற சின்ன வண்டியை 1948-ல் கொண்டுவந்தது. அதுவும் பம்ப் இல்லாத தண்ணீர் வண்டி. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் சத்தம் அடங்கும். ரோந்து போகும் போலீசாருக்கு அது பிடித்துவிட்டது, திருடனுக்குக் கேட்காமல் பக்கத்தில் போகலாம். மேலதிகாரியைக் கண்டால் சல்யூட் அடிக்கக் கையை எடுத்தால் விழவேண்டியதுதான் என்று, தலையை ஆட்டினால் போதும் என அனுமதித்தார்களாம். அதனால் அதற்கு 'நாடி' வண்டி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

இனி வெந்நீர்ப் பைக்கு வருகிறேன். நம் குடும்பத்தில் அப்படி ஒன்று இருக்கிறது.

1962-ல் இணைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். அண்ணனுக்குப் பதினெட்டு நிரம்பியிருந்தது, பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். நம் ஊர் பாஷையில் சொல்தா. நான் அப்பாவோடு இந்தியன் ஆனேன். அண்ணன் துலோன் ஊரில் தங்கிவிட்டார். 1976-ல் பழைய ஜி.டி.750 ஒன்றை வாங்கினார். சாகும்வரை வைத்திருந்தார்.

போன வருஷம் அவர் மகன் வீடியோவில் கூப்பிட்டான். 'சித்தப்பா' என்ற ஒரு சொல் தமிழில், மிச்சமெல்லாம் பிரெஞ்சில். வண்டியைக் கிளப்பினால் பத்து நிமிஷத்தில் முள் சிவப்புக்குப் போகிறதாம். அங்கே ஒரு பட்டறையில் நடு சிலிண்டர் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்கவேண்டும் என்று ஒரு பெருந்தொகை சொல்லியிருக்கிறார்கள். அண்ணி விற்றுவிடலாம் என்கிறார். வாங்குபவர் சனிக்கிழமை வருகிறார். அவன் என்னைக் கூப்பிட்ட காரணம் வேறு. அப்பாவின் பெட்டியில் வண்டிக்கென்று ஒரு நோட்டு இருக்கிறது, முழுக்கத் தமிழில், அவனுக்குப் படிக்கத் தெரியாது.

பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினான். அண்ணன் கையெழுத்து சின்ன வயதில் இருந்ததுபோலவே இடது பக்கம் சாய்ந்தே இருந்தது. 1983 ஆகஸ்டில் ஒரு குறிப்பு. முள் சிவப்பில் நிற்கிறது, என்ஜின் பக்கத்துக் குழாய் கொதிக்கிறது, ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது என்று எழுதி, கீழே கோடு போட்டு 'தெர்மோஸ்டாட்' என்று எழுதியிருந்தார்.

அது தண்ணீர்ப் பாதையில் உள்ள ஒரு சின்னக் கதவு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், 80 டிகிரியை ஒட்டித் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். வயதாகித் துருப்பிடித்து மூடியபடியே நின்றுவிட்டால் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. சோதிக்கும் முறையையும் எழுதியிருந்தார். கழற்றி, நூலில் கட்டி, தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால் கொதிப்பதற்கு முன்பே வாய் திறக்க வேண்டும். 'ரசப் பாத்திரத்தில் போட்டேன், அவள் திட்டினாள்' என்று பக்கத்தில் ஒரு வரி.

பிரெஞ்சில் எழுதி அன்று ராத்திரியே அனுப்பினேன். என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டும் என்று மட்டும் நானாகச் சேர்த்தேன். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர், நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும், மூடியைத் திருகியதும் முகத்தில் பீறிடும்.

மறுநாள் அவன் முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றுதான் இருந்தது. பிறகு அதைக் கழற்றி அண்ணியின் பாத்திரத்திலேயே போட்டான். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாய் திறக்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கி மாட்ட, மொத்தமாக ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் காசுதான் ஆயிற்று. சனிக்கிழமை வந்தவரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அவன் துலோன் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, முள் நடுவில் நிற்கும் படத்தை எனக்கு அனுப்பினான்.

இப்போது நோட்டு முழுவதையும் பிரெஞ்சில் எழுதித் தரச் சொல்கிறான். வலது பக்கங்களில் வண்டிக் கணக்கு. இடது பக்கங்களில், அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பிய பணம், எனக்கு வேலை கிடைத்த வருஷம், தங்கை கல்யாணத்துக்கு யாரிடம் எவ்வளவு கடன் என்ற விவரம். அதையும் சேர்த்துத்தான் கேட்கிறான். தினம் இரண்டு பக்கம் எழுதுகிறேன். 1985 வரை வந்திருக்கிறேன்.