மணல் நடந்த வழி: வடசென்னைக் கரையும் பொறியாளர் கண்ணும்

நெய்தல் திணையைப் பாடிய புலவர்களுக்குக் கடலும் கழியும் மணலும் வெறும் பின்புலமாக இருந்ததில்லை. அலை எத்திசையிலிருந்து வருகிறது, மணல் எங்கே குவிகிறது, கழிமுகம் எப்போது அடைபடுகிறது என்பனவெல்லாம் அவர்கள் கூர்ந்து கண்டவை. அதே பொருள்களை வேறொரு நோக்கில் கண்டவர் கட்டடப் பொறியாளர். இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரையின் இருநூறாண்டு வரலாறு, இத்தகைய கூர்நோக்கின் வரலாறாகவும், கண்டதைக் காணாமல் விட்டதன் வரலாறாகவும் விளங்குகிறது.

துறைமுகம் இல்லாத பட்டினம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் மக்களும் மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். மசூலாப் படகில் ஆணி இல்லை. பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருக்கும். அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்கும்; உடையாது. கட்டுமரமோ இன்னும் எளியது. மரங்களைச் சேர்த்துக் கட்டியதன்றி அதில் வேறெதுவும் இல்லை. மேலேறும் நீர் இடைவெளிகளின் வழியே வடிந்துவிடும் ஆதலின் அது மூழ்குவதில்லை. அலையை எதிர்க்காமல் அதற்கு இடம்விடுவதே இவ்விரண்டின் அமைப்புக்கும் அடிப்படை. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லை உலகம் ஏற்றுக்கொண்டது. அந்த அமைப்பு கற்பித்த பாடத்தை ஏற்க நெடுநாள் ஆயிற்று.

கறுப்பர் பட்டினத்தின் கரையை அலை அரித்தபோது, அதைக் காக்கும் கல்லணை எழுப்பும் பணி தாமஸ் பியோட் டி ஹாவிலண்டு என்னும் பொறியாளரிடம் வந்தது. எழும்பூரில் கிணறுகளை அடித்தளமாக அமைத்துப் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை எழுப்பியவர் அவரே. அத்தேவாலயம் 1821இல் நிறைவுற்றது. மென்மையான மண்ணில் கிணறு இறக்கி அதன்மேல் கட்டும் முறை இந்நாட்டுத் தொழிலாளர் நன்கறிந்தது. அதைக் கற்றுப் பயன்படுத்திய அடக்கம் அவருடையது.

இரும்புத் தூணும் கற்சுவரும்

1861ஆம் ஆண்டளவில் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலமொன்று அமைந்தது. அது தூண்கள்மேல் நின்றது. தூண்களின் இடையே நீரும் மணலும் தடையின்றிச் சென்றன. எனவே கரைக்கு அதனால் பெருங்கேடில்லை; ஆயினும் 1868, 1872 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் அதைச் சிதைத்தன. இனி அலையை அடக்கும் சுவரே வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

வில்லியம் பார்க்ஸ் வகுத்த திட்டப்படி 1876இல் வேலை தொடங்கியது. கரையிலிருந்து இரண்டு கைகள் கடலுக்குள் நீண்டு, முனையில் ஒன்றையொன்று நோக்கி வளைந்து, நடுவில் கிழக்கு நோக்கிய வாயிலை விட்டு நிற்கும். அடியில் கருங்கற் குவியல். அதன்மேல் பல டன் எடையுள்ள கான்கிரீட் கட்டிகள். கட்டிகள் இரு வரிசையாகச் சாய்வாக அடுக்கப்பட்டன. வரிசைகளுக்கிடையே பிணைப்பு இல்லை. எடையே அவற்றைக் காக்கும் என்பது கணக்கு.

1881 நவம்பரில் வந்த புயல் அக்கணக்கைத் திருத்தியது. முடியும் நிலையிலிருந்த சுவரை அலைகள் ஏறிக் கடந்தன. மேற்கட்டிகள் துறைமுகத்தின் உள்ளேயே உருண்டு வீழ்ந்தன. மசூலாப் படகில் தையல் இருந்தது, வளைவு இருந்தது. இச்சுவரில் இரண்டும் இல்லை. செம்மை செய்து மீண்டும் கட்டிமுடிக்க அந்நூற்றாண்டின் இறுதிவரை ஆயிற்று.

மணலின் கணக்கு

புயல் ஓரிரவில் செய்ததைவிடப் பெரிய மாற்றத்தை மணல் ஓசையின்றிச் செய்துகொண்டிருந்தது. அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்ந்தே வருகிறது. சாய்ந்து வரும் அலை மணற்றுகளைச் சாய்வாக மேலேற்றுகிறது. திரும்பும் நீர் அதை நேராகக் கீழிறக்குகிறது. இவ்வாறு வாள்பற்களைப் போன்ற வழியில் ஒவ்வொரு துகளும் கரையோரமாக நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் இந்நடை வடக்கு நோக்கியது. வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கு நோக்கியது. முன்னதன் காலம் நீண்டது. ஆகவே ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், சில இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கே சென்றிருக்கும்.

துறைமுகத்தின் தென்கை அந்த வழியை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் தெற்கே தங்கியது. ஆளுநர் கிராண்ட் டப் 1884இல் கடற்கரை உலாச்சாலையை அமைத்து மெரினா எனப் பெயரிட்டபோது, கடல் அச்சாலைக்கு மிக அருகில் இருந்தது. இன்று அங்கே நடந்து அலையைத் தொட நெடுநேரம் ஆகிறது. அந்த அகன்ற மணற்பரப்பைப் படைத்தது இயற்கை மட்டுமன்று, துறைமுகச் சுவருமாம். கவிஞர் பலர் பாடிய மெரினா ஒரு பொறியியல் விளைவு என்பதை நினைப்பவர் சிலரே.

தெற்கே தேங்கிய மணல் சுவரைச் சுற்றிவந்து கிழக்கு வாயிலையும் தூர்க்கத் தொடங்கியது. இதனை முறையாக அளந்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ஆறுகளை நெறிப்படுத்துவதில் தேர்ந்த அவர், 1904இல் சென்னைத் துறைமுகப் பொறுப்பேற்றார். கிழக்கு வாயிலை அடைத்து, மணல் எளிதில் எட்டாத வடகிழக்கு மூலையில் புதுவாயிலைத் திறந்தார்; அதனைக் காக்க வடக்கு நோக்கி ஒரு காப்புக் கையையும் நீட்டினார். சென்னைத் துறைமுகத்தருகே மணல் நகரும் வகையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, கட்டடப் பொறியாளர்களின் இலண்டன் கழக ஏட்டில் இடம்பெற்றது. கடலோர மணற்போக்கை ஆய்வோர் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஆவணம் அது.

1912 மார்ச்சு முதல் நாள் அவருடைய அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் ஓர் இளைஞர் எழுத்தராகச் சேர்ந்தார். அவரே சீனிவாச இராமானுசன். கணக்குப் பிரிவின் தலைவர் நாராயண ஐயரும் ஸ்பிரிங்கும் அவருடைய ஆற்றலை உணர்ந்து துணைநின்றனர். 1914இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மணலை அளந்த கண் மனிதரையும் அளக்கத் தவறவில்லை.

இழந்த கரை

தெற்கே தங்கிய மணல் வடக்கே வரவேண்டிய மணல். அது வராததால் இராயபுரத்திற்கு அப்பால் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முக்கால் பகுதி கழிவதற்குள் சில நூறு மீட்டர் நிலம் மறைந்தது. படகேற்றிய திட்டும், வலை உலர்த்திய வெளியும், குப்பங்களின் வீடுகளும் கடலுக்குள் போயின. ஒரு கரை பெற்ற வரவு மறுகரையின் செலவாக எழுதப்பட்டது. மெரினாவில் உலாவச் செல்பவருக்கும் காசிமேட்டில் வீடிழந்தவருக்கும் இடையே இப்படியொரு கணக்கு உண்டு. அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இழப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கடற்சுவர் தனக்குப் பின்னுள்ள நிலத்தைக் காக்கும். முன்னுள்ள மணலைத் தராது. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலை அகழ்ந்து செல்ல, கற்கள் தாழ, மேலும் கற்கள் வேண்டியதாயிற்று. சுவர் முடியும் இடத்திற்கு வடக்கே அரிப்புத் தொடர்ந்தது. பின்னர், 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில், கரைக்குக் குறுக்கே கடலுக்குள் நீளும் கல்வரிசைகள் அமைந்தன. மீனவரும் நாளேடுகளும் இவற்றைத் தூண்டில் வளைவு என்று அழைக்கின்றனர். வளைவுகளின் இடையே சிறிது மணல் சேர்ந்து, படகு ஏற்றவும் இடம் கிடைத்தது. ஆயினும் இவையும் பெரிய சுவரின் சிறிய உருவங்களே. தங்கவைத்த மணல் அடுத்த ஊருக்குச் செல்லவேண்டியது.

இக்கரையிலேதான் திருவொற்றியூர் நிற்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் இரவி என்னும் வீரசோழத் தச்சன் கருங்கல்லால் அக்கோயில் விமானத்தைக் கட்டியதைக் கல்வெட்டு கூறுகிறது. யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாட வடிவினது அது. கட்டியவன் பெயரைக் கல்லில் பொறித்த காலம் ஒன்று இருந்தது. அதே ஊரின் கடலோரத்தில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. நிலையாமை பாடியவர் அடங்கிய இடத்தைக் காக்கவும் இன்று கற்குவியல் வேண்டியிருக்கிறது.

சிப்பியும் சிமெண்டும்

இந்நிலத்தின் கட்டுப்பொருளும் கடலிலிருந்தே வந்தது. கழிகளில் அள்ளிய சிப்பியைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. அதை நீற்றி, அரைத்து, தேய்த்து மெருகேற்றினால் பளிங்கை ஒத்த சென்னைச் சுண்ணச் சாந்து. சுவரிலேறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக்கல் ஆகிறது. சிப்பி எப்பொருளாக இருந்ததோ அப்பொருளாகவே சுவரில் நிலைக்கிறது. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமெண்டு செய்யும் முதல் முயற்சியும் 1904இல் சென்னையிலேதான், கடற்சிப்பியைக் கொண்டு நடந்தது. அது நீடிக்கவில்லை, வெற்றி வேறு மாநிலத்தில் பின்னர்க் கிட்டியது.

1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் தொடர்வண்டி நிலையம் கடற்காற்றில் நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. அதனருகே அண்மைக் காலத்தில் எழுந்த கான்கிரீட் வீடுகளோ முப்பதாண்டுக்குள் கூரை உதிர்கின்றன. காரணம் மறைபொருள் அன்று. உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகளில் புகுந்து உள்ளிருக்கும் கம்பியைத் துருவாக்குகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடமில்லாதபோது கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பியை மூடும் காப்புப் பூச்சு ஓர் அங்குலம் குறைந்தாலும், கலவையில் உப்பு மணல் கலந்தாலும், முதலில் தண்டனை பெறுவது அவ்வீட்டில் உறங்குபவர். குறைந்த செலவில் கட்டப்பட்ட குடியிருப்புகளில் இக்குறை மிகுதியாகக் காணப்படுவது தற்செயல் அன்று.

எண்ணூர்க் கழி

கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம், மணலுக்கும் நீருக்கும் நடக்கும் வழக்கின் நீதிமன்றம் எனத் தகும். ஆற்றிலும் கழியிலும் நீரோட்டம் வலுத்தால் முகம் திறக்கும். தளர்ந்தால் மணல்மேடு அடைக்கும். கழி பரந்திருந்தால்தான் ஏற்றத்தில் நிறையக் கடல்நீர் புகும். நிறையப் புகுந்தால்தான் வற்றத்தில் அது விரைந்து வெளியேறி மணலை அடித்துச் செல்லும். கழியின் பரப்பைக் குறைப்பது அதன் மூச்சைக் குறைப்பதாகும்.

1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையமும், அதன் பின்னெழுந்த வடசென்னை அனல்மின் நிலையமும் நகருக்கு ஒளி தந்தன. கழிக்குச் சாம்பலைத் தந்தன. அச்சாம்பல் சிமெண்டோடு முறையாகக் கலந்தால் கான்கிரீட்டின் நுண்துளைகளைக் குறைத்து உப்பைத் தடுக்கவல்லது. கட்டுமானத்தில் காவலாகவேண்டியது கழியில் படிந்து மீனுக்கும் இறாலுக்கும் பகையானது. பொருளில் குற்றமில்லை, வைத்த இடத்தில் குற்றம். 2001இல் திறக்கப்பட்டு இன்று காமராசர் துறைமுகம் எனப் பெயர்பெற்றிருக்கும் எண்ணூர்த் துறைமுகமும், அதன் வடக்கே அமைந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் அதே மணல்வழியில் நிற்கின்றன. அவற்றுக்கு வடக்கே பழவேற்காடு வரையுள்ள கரை, இராயபுரம் முன்பு கண்டதைக் காணும் நிலையில் இருக்கிறது.

இரு மொழிகள், ஒரு கடல்

சென்னை மீனவர் தெற்கிலிருந்து வடக்கே செல்லும் நீரோட்டத்தைத் தெண்டி என்பர். வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்பர். எம்மாதத்தில் எது ஓடும், எதில் எம்மீன் படும் என்பது அவர்தம் அன்றாட அறிவு. ஸ்பிரிங் அளவுகோலால் கண்டதும் இதுவே. நூறாண்டுக்கு முன்னரே கடலறிந்தவரிடம் சொல்லாகவும் பொறியாளரிடம் எண்ணாகவும் இவ்வுண்மை இருந்தது. அறியாமையால் இக்கரை அழியவில்லை. அறிந்ததற்கு விலை கொடுக்க வேண்டியவர் வேறிடத்தில் வாழ்ந்ததால் அழிந்தது.

துறைமுகம் வேண்டாமென்று சொல்ல இயலாது. இப்பட்டினம் அதனால் வளர்ந்தது. அதன் ஒரு துறைக்குப் பாரதியின் பெயரே வாய்த்திருக்கிறது. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் முறையைப் பொறியியல் நெடுங்காலமாக அறியும். அதற்கான செலவைத் துறைமுகத்தின் முதற்கணக்கிலேயே சேர்ப்பதா, குப்பங்களின் தலையில் ஏற்றுவதா என்பதே எஞ்சிய வினா. அவ்வினாவுக்கு எண்கள் மட்டும் விடை தரமாட்டா. தெண்டியும் வன்னியும் அகராதியில் ஏறி, பாட்டில் ஏறி, நகரோர் செவியிலும் ஏறவேண்டும். நெய்தல் பாடிய மரபின் வழிவந்த வடசென்னைக் கவிஞர்க்கு அப்பணி காத்திருக்கிறது.